போனில் பேசும் பண்பு: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் சத்தமாகப் பேசுவது ஒரு குறையே இல்லை. “சொல்லுங்கண்ணே!” என்று பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி போனை எடுப்பவரை யாரும் மரியாதை தெரியாதவர் என்று சொல்வதில்லை. அதட்டலான குரல், “தயவுசெய்து” என்ற சொல்லே வராத பேச்சு இதெல்லாம் இங்கே மன்னிக்கப்படும். மன்னிக்கப்படாதவை வேறு. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: போனில் அழைத்தவருக்குத்தான் பொறுப்பு அதிகம். தனக்குத் தோதான நேரம் பார்த்துத்தான் அவர் அழைக்கிறார். எடுக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது.

போனை எடுத்ததும் யார் முதலில் பெயர் சொல்ல வேண்டும்?

அழைத்தவர்தான். எடுத்தவர் “அலோ” சொன்னதோடு அவர் கடமை முடிந்தது. ஆனால் இங்கே அழைத்தவரே “அலோ, யாரு பேசுறது?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கூப்பிட்டது நீங்கள், யாரைக் கூப்பிட்டீர்கள் என்று உங்களுக்குத்தானே தெரியும்?

பெயர் மட்டும் சொன்னாலும் போதாது. மதுரையில் “அண்ணே, பாண்டி பேசுறேன்” என்று ஒருவர் சொன்னால் அது பாதித் தகவல்தான். செல்லூர் பாண்டியா, மேலூர் பாண்டியா, எலெக்ட்ரீஷியன் பாண்டியா, சித்தப்பா மருமகன் பாண்டியா? “அண்ணே, செல்லூர் பாண்டி பேசுறேன், போன மாசம் உங்க வீட்டுல மோட்டர் மாட்டுனேன்ல, அந்த பில் விஷயமா கூப்பிட்டேன்” என்றால் பெயர், ஊர், காரியம் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். எடுத்தவர் யோசிக்க வேண்டியதே இல்லை.

“நான் யாருன்னு கண்டுபிடிங்க பாப்போம்” என்று சிலர் விளையாடுகிறார்களே?

பத்து வருடம் கழித்துப் பேசும் பள்ளிக்கூடச் சிநேகிதருக்கு ஒருமுறை அனுமதி உண்டு. மற்றவர்களுக்கு இல்லை. கேட்கிறவருக்கு இது பரீட்சை. குரல் பிடிபடவில்லை என்றால் “என்னையவே மறந்துட்டியா?” என்று ஒரு குத்தல் வேறு வரும். வயதானவர்கள் இதில் படும்பாடு பாவம். காது சரியாகக் கேட்காது, கேட்கவில்லை என்று சொல்லவும் கூச்சம். ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவைப்பார்கள். மோசடிக்காரர்களுக்கு இது ரொம்ப வசதி. “யாரு, குமாரா?” என்று பாட்டி கேட்டால், “ஆமா பாட்டி, குமார்தான்” என்று தொடங்கி பணம் கேட்பதுவரை போய்விடலாம். அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்: “நீங்களே பேரைச் சொல்லுங்க” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

எந்த நேரத்தில் அழைக்கலாம்?

காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல், இரவு ஒன்பதுக்குள் என்று பொதுவாகச் சொல்வார்கள். மதுரைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. இந்த ஊர் தூங்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் யாவாரம் பார்ப்பவர் விடிவதற்கு முன்பே எழுந்தவர். மதியம் இரண்டு மணிக்கு அவரை எழுப்பினால் அது அவருக்கு நடுராத்திரி. ராத்திரி புரோட்டாக் கடை நடத்துபவருக்குக் காலை ஒன்பது மணி அப்படித்தான். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி வாக்கில் முஸ்லிம் நண்பர்களை அழைக்க வேண்டாம், ஜும்மா நேரம்.

வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். நாம் இரவு பத்தரைக்குச் சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாகக் கூப்பிட்டால், சிங்கப்பூரில் இருப்பவன் ஒரு மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்றுதான் கேட்பான்.

சம்பந்தம் பேசுவது, வீடு பார்ப்பது, முன்பணம் கொடுப்பது போன்ற நல்ல காரியமாக இருந்தால் ராகு காலத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது. நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, எதிர்முனையில் இருப்பவருக்கு இருக்கலாம். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு, திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது. “பொண்ணு வீட்டுக்குப் பிடிச்சிருக்கு” என்ற நல்ல சேதியை அந்த நேரத்தில் சொல்லிவிட்டு, பிறகு வருஷக்கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

எடுக்கவில்லை என்றால் எத்தனை முறை அடிக்கலாம்?

ஒருமுறை. அவசரம் என்றால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்; என்ன விஷயம் என்று ஒரு வரி செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். “போன் பண்ணுங்க” என்று மட்டும் அனுப்புவதும் ஒருவிதத் தொல்லைதான். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பார்த்தவருக்கு வயிற்றைக் கலக்கும். “வாடகை விஷயமா பேசணும், அவசரமில்லை” என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

எடுக்காததற்கு இந்த ஊரில் கோயிலே ஒரு காரணமாக இருக்கலாம். மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்து எரிந்த பிறகு, அந்த மார்ச் மாதத்திலிருந்து உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்குமே இந்தத் தடையைக் கொண்டுவரச் சொன்னது. சாமி கும்பிடப் போனவரின் போன் வாசலில் பாதுகாப்பு அறையில் கிடக்கும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் வெளியே வர இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். வந்து பார்த்தால் ஒரே ஆளிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். தரிசனம் பார்த்த நிம்மதி அந்த நிமிடமே போய்விடும். “கோயிலுக்குள்ள போறேன், வந்து கூப்பிடுறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது வீட்டாருக்குச் செய்யும் உபகாரம்.

மிஸ்டு கால் கொடுப்பது தப்பா?

2003-இல் இன்கமிங் இலவசமாகும் வரை வந்த அழைப்புக்கும் காசு போனது. அதன் பிறகும் பல வருடம் அவுட்கோயிங்குக்கு நிமிடக் கணக்குதான். அப்போது மிஸ்டு கால் ஒரு தனி மொழியாகவே இருந்தது. இப்போது எல்லோரும் மாதப் பேக் போட்டிருக்கும்போது, தன் வேலைக்காக அடுத்தவரைத் திரும்பக் கூப்பிட வைப்பது சரியில்லை. “பஸ் ஏறிட்டேன்” என்பதற்கு அடையாளமாக அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பது வேறு கதை. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எடுத்ததும் “பிஸியா இருக்கேன்” என்று சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் எப்போது பேசலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “அக்கா, இப்ப கடையில கூட்டம், நாலு மணிக்கு நானே கூப்பிடுறேன்.” அப்புறம் நாலு மணிக்குக் கூப்பிடுங்கள்.

பஸ்ஸில், டீக்கடையில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவது?

தேனி போகிற பஸ்ஸில் ஆரப்பாளையத்தில் ஏறினால் உசிலம்பட்டி வருவதற்குள் ஒரு குடும்பத்துக் கதை முழுதாகத் தெரிந்துவிடும். ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தட்டு மாதிரி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். நகையை எந்தக் கடையில் அடகு வைத்தார்கள், மூத்தவன் ஏன் பேசாமல் இருக்கிறான், ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆனது, எல்லாம் வரும். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பது ‘கொஞ்சம் குறைங்க’ என்பதற்காக. பேசுகிறவர் அதையும் ஆர்வம் என்று எடுத்துக்கொள்வார்.

இதில் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு வெறும் காதுவலிதான். உண்மையில் அநியாயம் நடப்பது எதிர்முனையில் இருப்பவருக்கு. தன் தங்கச்சியிடம் மட்டும் பேசுவதாக நினைத்து மனதைக் கொட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் அழுகையை ஐம்பது பேர் கேட்கிறார்கள், அவளுக்கே தெரியாமல். வீட்டிலும் இதே விதிதான். ஸ்பீக்கரில் போடுவதற்கு முன் “ஸ்பீக்கர்ல போடுறேன், பக்கத்துல மாமாவும் அத்தையும் இருக்காங்க” என்று சொல்லிவிடுங்கள். மாமாவைப் பற்றி ஏதாவது சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்ள அது ஒரு வாய்ப்பு. பல குடும்பச் சண்டைகள் இந்த ஒரு வரியில் தப்பியிருக்கும்.

பேச்சைப் பதிவு செய்வதும் இதில்தான் அடங்கும். சொல்லாமல் பதிவு செய்து, பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதெல்லாம் பகைக்கு வழி.

வண்டி ஓட்டும்போது வரும் அழைப்பு?

எடுக்காதீர்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு கோரிப்பாளையத்தில் திரும்புவது திறமை ஆகாது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதத்தில் இதற்கு முதல் முறை 1,000 ரூபாய், திரும்பவும் மாட்டினால் 10,000. அழைத்தவருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. ஹார்ன் சத்தம் கேட்டதும் “வண்டியிலயா இருக்கீங்க? அப்புறம் பேசுறேன்” என்று நீங்களே வைத்துவிடுங்கள். “ஓரமா நிறுத்துங்க, ரெண்டே நிமிஷம்” என்பது வேண்டாம். அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேதம் (சாவுச் செய்தி) சொல்வது எப்படி? போனில் சொல்லலாமா?

அந்தக் காலத்தில் கேதம் சொல்ல ஊருக்கு ஊர் ஆள் போவார்கள். இப்போது போன்தான். அதனால் போனில் சொல்வதில் குறை ஒன்றும் இல்லை. யாருக்கு முதலில், எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மிக நெருங்கியவர்களுக்கு முதலில் சொல்லுங்கள், அதுவும் குடும்பத்தில் ஒருவர் வாயால். இப்போதெல்லாம் நடப்பது தலைகீழ். உயிர் போன அரை மணி நேரத்தில் யாரோ ஒரு பங்காளிப் பையன் மாலை போட்ட படத்தோடு ஸ்டேட்டஸ் வைத்துவிடுகிறான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அதைப் பார்த்துத்தான் அப்பா போனதைத் தெரிந்துகொள்கிறாள். பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்தாயிற்று என்று வீட்டார் சொல்லும்வரை ஸ்டேட்டஸ், குழுச் செய்தி எதுவும் கூடாது.

சொல்வதற்கு முன்னால் “எங்க இருக்கீங்க, கூட யாரு இருக்கா?” என்று கேளுங்கள். வண்டி ஓட்டுபவரிடம் சொல்லக் கூடாது. தனியாக இருக்கும் வயதானவரிடமும் நேராகச் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரையோ பேரனையோ முதலில் அழைத்து, அவரைப் போய் உட்கார்ந்து சொல்லச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து கிளம்பி வர வேண்டியவரிடம் “சீரியஸா இருக்காக, உடனே வாங்க” என்று பாதி சொல்வது இங்கே வழக்கம். வருகிறவர் வழியில் தாங்க மாட்டார் என்ற கரிசனம்தான் காரணம். அப்படிச் சொல்வதாக இருந்தால், கூட வருகிறவர் ஒருவருக்காவது முழு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து விவரம். எப்போது எடுக்கிறார்கள், எங்கே, தத்தனேரி சுடுகாடா மூலக்கரை சுடுகாடா இல்லை ஊருக்கே கொண்டுபோகிறார்களா என்பது. அழுகையில் இதையெல்லாம் வீட்டார் திரும்பத் திரும்பச் சொல்ல முடியாது. ஒரு மருமகனோ பங்காளியோ பொறுப்பெடுத்து, தன் எண்ணைக் கொடுத்து, “விவரத்துக்கு என்னையக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிடுவது பெரிய உதவி.

கேட்டவர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: “எப்படி ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி? ஏன் அங்க கொண்டு போனீங்க?” என்ற விசாரணை. “கிளம்பி வர்றோம்” என்று சொன்னால் போதும். வர முடியாத தூரத்தில் இருந்தால் அன்றைக்கே பேசாமல், காரியம் முடிந்து வீடு காலியான பிறகு ஒருநாள் கூப்பிடுங்கள். அன்றைக்குத்தான் பேச ஆள் தேவைப்படும். துக்க வீட்டில் “போயிட்டு வர்றேன்” சொல்லாமல் கிளம்புவது போலவே, இந்த அழைப்பிலும் “அப்புறம் பேசலாம், வர்றேன்” என்று இழுக்காமல் முடித்துவிடுவதுதான் பெரியவர்கள் வழக்கம்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். துக்க வீட்டுக்காரரின் போனில் குத்துப்பாட்டு காலர் ட்யூன் இருந்தால் யாராவது அதை எடுத்துவிடுங்கள். அழுகையோடு அழைப்பவர் அதை முழுதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

கல்யாணம், காதுகுத்துக்குப் போனில் அழைத்தால் போதுமா?

முறைக்காரர்களுக்குப் போதாது. தாய்மாமனுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்காமல் போனில் சொன்னால் அந்த வருத்தம் அடுத்த தலைமுறைக்கும் போகும். மற்றவர்களிடம் “நேர்ல வர முடியல, இதையே நேர்ல வந்து வச்சதா நினைச்சு குடும்பத்தோட வரணும்” என்று பேசி, அப்புறம் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள். பேசாமல் படத்தை மட்டும் அனுப்புவது அழைப்பே இல்லை.

ராங் நம்பர் வந்தால்?

அழைத்தவர் “மன்னிச்சுக்கங்க, தப்பா வந்துருச்சு” என்று சொல்லி வைக்க வேண்டும். “அப்ப நீங்க யாரு, எந்த ஊரு?” என்ற கேள்விக்கு அவருக்கு உரிமை இல்லை. எடுத்த பெண் பெயரும் சொல்ல வேண்டாம், ஊரும் சொல்ல வேண்டாம்; வைத்துவிடலாம். மறுபடி மறுபடி வந்தால் தடுத்துவிடுங்கள்.

டெலிவரிக்காரர் வழி கேட்டால் எப்படிச் சொல்வது?

வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பவரிடம் “மாசி வீதிதாங்க, அங்கிட்டு வந்து கேளுங்க” என்று சொல்வது பண்பாகாது. மாசி வீதி நாலு. கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று எது என்பதைச் சொல்ல வேண்டும். ஆடி வீதி தவிர சித்திரை, ஆவணி மூல, வெளி வீதிகளுக்கும் இதே கதைதான். (ஆடி வீதி கோயிலுக்குள் இருக்கிறது, அங்கே யாரும் பார்சல் கேட்கப் போவதில்லை.) பக்கத்துக் கடைப் பெயர், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், மாடியா கீழா என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. “தம்பி” என்று சொன்னால் நாக்கு தேய்ந்துவிடாது.

பேங்க்கில் இருந்து, போலீசில் இருந்து என்று அழைப்பவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டுமா?

இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கும் பெண் தன் வேலையைப் பார்க்கிறார். “வேண்டாம்மா” என்று சொல்லி வையுங்கள்; திட்ட வேண்டாம். அந்த விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களில் வர வேண்டும் என்பது விதி. வேண்டவே வேண்டாம் என்றால் 1909-க்கு அழைத்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

மற்றது மோசடி. ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலிலேயே உட்காருங்கள், இது டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. இதில் மாட்டுகிறவர்களில் நிறையப் பேர் பயந்தவர்கள் மட்டுமல்ல, மரியாதை தெரிந்தவர்கள். “சார் பேசிக்கிட்டு இருக்கும்போது எப்படி வைக்கிறது” என்று தயங்கியவர்கள். வைக்கலாம். பேச்சின் நடுவிலேயே வைக்கலாம். ஓடிபி கேட்கும் எவருக்கும் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

வீடியோ கால்?

கேட்டுவிட்டு. எப்போதும் கேட்டுவிட்டு.

குழந்தையை விட்டு “அப்பா வீட்டுல இல்லை”ன்னு சொல்லச் சொல்லலாமா?

வேண்டாம். அது “அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னாரு” என்றுதான் சொல்லும்.

பேச்சை எப்படி முடிப்பது? “அப்புறம்... அப்புறம்...” என்று போய்க்கொண்டே இருக்கிறதே?

விஷயம் தீர்ந்த பிறகும் வைக்க மனமில்லாமல் இருவரும் மாறி மாறி “அப்புறம்?” சொல்வது பாசம்தான். ஆனால் ஒருவருக்கு அடுப்பில் பால் இருக்கலாம். அழைத்தவரே முடித்துவைப்பது முறை: “சரிங்க அத்தை, மாமாவைக் கேட்டதாச் சொல்லுங்க, வச்சிரட்டுமா?” பெரியவர் “சரிப்பா” என்ற பிறகு, அவர் வைக்கும்வரை ஒரு நொடி பொறுங்கள். டக்கென்று துண்டித்தால் அவர் போனைப் பார்த்து “கோவமா வச்சிட்டானா?” என்று யோசிப்பார். பெரியவர்களுக்குச் சிவப்புப் பொத்தானைத் தேடவே நேரம் ஆகும். வைத்துவிட்டதாக நினைத்து அவர்கள் நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கினால், காதைத் தீட்டிக்கொள்ளாமல் நாம் வைத்துவிட வேண்டும்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் போனே போகவில்லை என்றால்?

அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு வைகைக் கரையில் லட்சக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் டவரைத் தேடும். லைன் கிடைக்காது, கிடைத்தாலும் வேட்டுச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. “அலோ, கேக்குதா, அலோ” என்று கத்திப் பயனில்லை. அழைப்புப் போகாத இடத்திலும் சாதாரண எஸ்எம்எஸ் சில நேரம் போய்விடும்; எங்கே நிற்கிறீர்கள், எந்த மண்டகப்படி (சாமி இறங்கித் தங்கும் மண்டபம்) பக்கம் என்று எழுதி அனுப்புங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே தொலைந்தால் எங்கே கூடுவது என்று பேசி வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் சட்டைப் பையில் உங்கள் எண்ணை எழுதிப் போட்டுவிடுங்கள். அப்படியொரு பிள்ளையைக் கண்டெடுத்து யாராவது கூப்பிட்டால், தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதீர்கள். அன்றைக்கு மட்டும் எல்லா அழைப்பையும் எடுங்கள்.